மகனுக்கு ‘அதியன்’ என்று பெயர் வைக்க: மூலம், பொருள், எழுத்து, பதிவு

கடையெழு வள்ளல்களின் பெயர்களில் பாரி ஒன்றுதான் இன்று தாராளமாகப் புழங்குகிறது. ஓரி, காரி, நள்ளி, பேகன் எல்லாம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டன. அதியமான் ஓரளவு தெரிந்த பெயர். ஓசூரில் ஒரு பொறியியல் கல்லூரிக்கும் தருமபுரிப் பக்கம் அதியமான்கோட்டை என்ற ஊருக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் ‘அதியன்’ என்ற குறுகிய வடிவத்தைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் பார்ப்பது அரிது. அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கடைசிவரை தடுமாறாமல் இருக்கக் கவனிக்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறோம்.

முதலில் மூலம். ‘அதியன்’ என்பது அதியமானை நம் காலத்தில் வெட்டிச் சுருக்கியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. திருக்கோவிலூர் பக்கத்தில் உள்ள ஜம்பை மலைக் குகையில் 1981-இல் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய ஒரு கல்வெட்டு கண்டறியப்பட்டது. ஒரே வரி: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. துறவிகள் தங்க அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை என்று பொருள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதன் காலத்தை கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணித்தார். கல்லில் ‘அதியன்’ என்றே இருப்பதால், இந்த வடிவத்துக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டு வயது. யாராவது ‘இப்படி ஒரு பெயரே கிடையாதே’ என்றால் இந்த ஒரு வரி போதும்.

அதே வரியின் முதல் சொல்லுக்கு இன்னொரு பெருமை உண்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சேரர் ஆகியோரோடு ‘ஸதியபுத’ என்று ஒரு தென்னாட்டு அரசையும் சொல்கிறது. அது யார் என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. அதியர்தான் என்பதை ஜம்பைக் கல்வெட்டு காட்டிக்கொடுத்தது. பிராகிருத மொழியில் ‘புத’ என்பது மகன். தமிழில் அதியமகன் என்பதே அதியமான் எனக் குறுகியது என்பது மொழியறிஞர்கள் தரும் விளக்கம்.

பொருள் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ‘உயர்ந்தவன்’, ‘மிகச் சிறந்தவன்’ என்று போட்டிருப்பார்கள். ‘அதி’ என்ற வடமொழி முன்னொட்டை வைத்துச் செய்த ஊகம் அது. சங்கப் பாடல்களில் இது குடிப்பெயர். புறநானூறு 91-இல் ஔவையார் அஞ்சியை ‘அதியர் கோமான்’ என்றுதான் விளிக்கிறார். ஆகவே ‘தகடூரை ஆண்ட அதியர் குடியின் பெயர்’ என்று சொல்லுங்கள், அதுவே நேர்மையான விடை. தகடூர் இன்றைய தருமபுரி. அஞ்சி நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையைச் சிறுபாணாற்றுப்படையும் பாடுகிறது. அங்கே பெயர் ‘அதிகன்’ என்று வருகிறது. பையன் வளர்ந்ததும் கதையோடு நிறுத்திவிடாமல் புறம் 91, 95, 235 மூன்றையும் படிக்கக் கொடுங்கள். ஒன்று நெல்லிக்கனிக்கான வாழ்த்து, ஒன்று தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்து ஔவை பாடியது, ஒன்று அஞ்சி இறந்தபின் அவர் பாடிய கையறுநிலை, அதாவது இரங்கற்பாட்டு.

அடுத்து, எந்த வடிவம் என்பதை உறுதி செய்யுங்கள். ‘அதியமான்’ கம்பீரமானது, ஆனால் வீட்டில் யாரும் முழுதாகக் கூப்பிட மாட்டார்கள். ‘அஞ்சி’ அழகான பழம்பெயர்தான். ஆனால் இன்றைய காதுக்கு ‘பயந்து’ என்றே கேட்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குத்தான் சங்கடம். ‘எழினி’ இதே குடியின் ஆண் பெயர். அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. இப்போது பெண் குழந்தைகளுக்கும் வைப்பதால் ஆணா பெண்ணா என்ற கேள்வி கூடவே வரும். ‘அதியன்’ இந்தத் தொல்லைகள் இல்லாதது. வேற்றுமை உருபு ஏற்கும்போதும் தடங்கல் இல்லை: அதியனை, அதியனுக்கு, அதியனோடு. விளிக்கும்போது ‘அதியா!’ தெருமுனை வரை கேட்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: நாலு பேரில் ஒருவர் ‘ஆதி’ என்று கூப்பிடத் தொடங்குவார். முதல் மாதத்திலேயே ‘அதி’ என்ற குறிலைப் பழக்கிவிடுங்கள், பிறகு திருத்துவது கடினம்.

நட்சத்திர எழுத்து பார்க்கும் குடும்பங்களில், கார்த்திகை முதல் பாதத்துக்கு ‘அ’ வரும். வேறு நட்சத்திரம் என்றால் ஜாதகப் பெயரைத் தனியாக வைத்துக்கொண்டு, பதிவுப் பெயரை அதியன் என்று வைக்கலாம். அப்படி இரண்டு பெயர் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு.

உண்மையான சிக்கல் ஆங்கில எழுத்தில்தான் வரும். ‘தி’ ஓசைக்கு டெல்லியின் முதல் எழுத்தை மட்டும் போட்டால், படிப்பவர் ‘அடியன்’ என்பார். அடியேன், அடிமை என்ற பொருள் பக்கம் போய்விடும். வயநாட்டில் அடியர் என்ற பழங்குடியினரும் இருக்கிறார்கள். எனவே அந்த எழுத்தோடு எச் சேர்த்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் முதல் எழுத்தோடு எச் சேர்ப்பதும் நம் ஊர் வழக்கம்தான். ஆனால் வடநாட்டவர் அதை அழுத்தமான ‘த்த’வாக, வெளிநாட்டவர் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வார்கள். எங்கள் பரிந்துரை டெல்லி எழுத்தும் எச்சும்: Adhiyan. ‘தி’க்குப் பிறகு ஒய் விடுபடக்கூடாது. எண்கணிதத்துக்காக முன்னால் இன்னொரு ஏ சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெயர் அந்த இடத்திலேயே ‘ஆதியன்’ ஆகிவிடும்.

பதிவுக்கு வருவோம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையே செய்துவிடும். பெயர் அப்போதே முடிவாக வேண்டியதில்லை. பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டுவரை காலதாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆனால் ஏறிய பெயரை மாற்றுவது லேசல்ல. பின்னாளில் வேறு பெயர் வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட்டு, ஒவ்வோர் ஆவணமாகத் திருத்த வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று என்பதால், பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு எல்லாம் இதையே பின்பற்றும்.

விண்ணப்பத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லித் தட்டச்சு செய்யவைத்தால் ‘ஆதியன்’, ‘அதியான்’, ‘ஆதித்யன்’ என்ற மூன்றில் ஒன்று வந்து நிற்கும். தலைப்பெழுத்துச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அன்றே தீர்மானியுங்கள். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், தந்தை பெயரின் ஆங்கில எழுத்துக்கோவை அவருடைய ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ் வரியை முதலில் படியுங்கள்: முதலெழுத்து குறில் ‘அ’தானா, ‘ய’வுக்குப் பின்னால் கால் விழுந்திருக்கிறதா என்று. பிழை இருந்தால் மருத்துவமனைத் தாள்களோடு அதே வாரம் பதிவாளரிடம் போய்விடுங்கள். ஆதார் எடுத்த பிறகு போனால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும்.