சமய ஆய்வில் பிஎச்.டி.: விண்ணப்பத்தை எங்கிருந்து தொடங்குவது?

பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தால் முதலில் அதை மூடுங்கள். இந்தத் துறையில் தேர்வுக் குழு உங்களிடம் தேடுவது இரண்டைத்தான்: உங்கள் கேள்வி என்ன, அதற்கு விடை தேடத் தேவையான மொழிகள் உங்களிடம் இருக்கின்றனவா. நான் முதல் தடவை விண்ணப்பித்தபோது இரண்டுமே இல்லை. ஆனால் பட்டியல் மட்டும் பிரமாதமாக இருந்தது.

படி 1: எந்தத் துறை, எந்தப் பட்டம்

சமய ஆய்வியலும் இறையியலும் ஒன்றல்ல. சமய ஆய்வியல் ஒரு சமயத்தை வரலாறு, மானுடவியல், இலக்கியம் வழியாக ஆராய்கிறது. உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இறையியல் பெரும்பாலும் ஒரு மரபுக்குள் நின்று யோசிப்பது. சில இறையியல் கல்லூரிகளில் விசுவாச அறிக்கையே கேட்பார்கள்.

பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமயத் துறை வேறு, அதே ஊரிலுள்ள பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் டி.ஃபில். என்பது பிஎச்.டி.தான். டி.மின். (டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி) மட்டும் அப்படியல்ல. அது கிறிஸ்தவ ஊழியத்தில் இருப்பவர்களுக்கான தொழில்முறைப் பட்டம். பேராசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவாது.

படி 2: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். "ஆரம்பகாலக் கிறிஸ்தவத்தில் பெண்கள்" என்பது வெறும் தலைப்பு. அதை இப்படிக் குறுக்கிப் பாருங்கள். கி.பி. 373இல் எடெஸா என்ற பழைய நகரத்தில் (இன்றைய துருக்கியில் இருக்கிறது) இறந்த எஃப்ரேம், அரமேயத்தின் ஒரு வடிவமான சிரியாக் மொழியில் எழுதிய கிறிஸ்தவக் கவிஞர். அவர் பெண்களுக்குப் பாடல் கற்றுக்கொடுத்து வழிபாட்டில் பாட வைத்தார் என்று பிற்காலத்துச் சிரியாக் கவிஞரான செரூகின் யாக்கோபு புகழ்கிறார். சரி, எஃப்ரேமைப் புகழ வந்தவர் ஏன் அந்தப் பெண்களுக்கு இவ்வளவு இடம் தருகிறார்? பெண்கள் பாடுவதை யாக்கோபின் காலத்தில் யாராவது எதிர்த்தார்களா?

இப்போது கையில் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த நூலைப் படிக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

படி 3: மொழிக் கணக்கு

மேலே சொன்ன கேள்விக்குச் சிரியாக் கட்டாயம், கிரேக்கம் வேண்டும். முந்தைய ஆய்வுகளைப் படிக்க ஜெர்மனும் பிரெஞ்சும் தேவைப்படும். பேச வராவிட்டால் பரவாயில்லை, அகராதியை வைத்துக்கொண்டு படிக்க வந்தால் போதும். இஸ்லாம் என்றால் அரபு. பௌத்தம் என்றால் பகுதியைப் பொறுத்துப் பாலி, சமஸ்கிருதம், திபெத்தியம், சீனம்.

மொழி இல்லையென்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்காதீர்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், தெரியும். முதலில் ஒரு முதுகலை படியுங்கள். அமெரிக்காவில் எம்.டி.எஸ். (இறையியல் ஆய்வு முதுகலை) வழக்கமாக 2 ஆண்டு, எம்.டிவ். (ஊழியப் பயிற்சிக்கான முதுகலை) 3 ஆண்டு. அந்தக் காலத்தை மொழிக்குச் செலவிடுங்கள்.

படி 4: நெறியாளருக்கு எழுதுங்கள்

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நெறியாளர் சம்மதம் ஏறக்குறைய பாதி வேலை. அமெரிக்காவில் குழுதான் முடிவெடுக்கும் என்றாலும், அவர் இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா, ஓய்வு பெறப் போகிறாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆறு வரி போதும்:

"யாக்கோபின் கவிதைகளில் பெண் பாடகர்கள் வரும் இடங்களை ஆராய விரும்புகிறேன். சிரியாக் இரண்டு ஆண்டு படித்திருக்கிறேன். வழிபாட்டுப் பாடல் பற்றிய உங்கள் கட்டுரையில் நீங்கள் தொடாமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் நான் தொடங்குகிறேன். வரும் ஆண்டில் புதிய மாணவர்களை ஏற்கிறீர்களா?"

அவர் கட்டுரையைப் படிக்காமல் மூன்றாம் வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 5: கோப்புகள்

எஸ்.ஓ.பி.யை (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விளக்கும் நோக்க அறிக்கை) "சிறு வயதிலிருந்தே எனக்குக் கடவுளைப் பற்றி ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். குழுவில் இருப்பவர் அன்று அதையே பலமுறை படித்திருப்பார். கேள்வியோடு ஆரம்பியுங்கள். அடுத்து உங்கள் தயாரிப்பு, அதற்கடுத்து ஏன் இந்தத் துறை. பிரிட்டனில் இதற்கு மேல் ஆய்வுத் திட்டமும் கேட்பார்கள்.

உங்கள் எழுத்துக்கு மாதிரியாக அனுப்பும் கட்டுரை பெரும்பாலும் 20 முதல் 25 பக்கம். மூலமொழியிலிருந்து நீங்களே மொழிபெயர்த்து வாதிடும் பகுதி அதில் இருந்தால், மொழி தெரியும் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. குறைந்தது இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள், ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

படி 6: தேதியும் பணமும்

அமெரிக்காவில் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விழும். முடிவு பிப்ரவரி, மார்ச்சில் வரும். அங்கே நல்ல ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பல ஆண்டு உதவித்தொகையும் தரும். பிரிட்டனில் இடம் வேறு, நிதி வேறு. இடம் கிடைத்தும் பணமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. நிதி இல்லாத இடத்தைக் கடன் வாங்கி ஏற்காதீர்கள். படித்து முடித்தாலும் இந்தத் துறையில் வேலைகள் குறைவு.

நிதியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. எங்கே போவதென்று முடிவானதும் மற்ற இடங்களை அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவர் ஏப்ரல் 14 இரவு வரை மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருஷம் அது நான்தான்.