மெடிக்கல் ஜர்னலுக்கு ரெஃபரன்ஸ் போடுறது எப்படி: ஒரு காரைக்குடி டிடிபி கடைக்காரன் சொல்றது

நான் டாக்டரு இல்ல, செக்காலை ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகையும் ப்ராஜெக்ட் பைண்டிங்கும்தான் சோறு போடுது, ஆனா சுத்துப்பட்டு டாக்டருங்க பேப்பரு, தீசிஸ்னு கொண்டாந்து குடுத்துக் குடுத்து ரெஃபரன்ஸ் வேலை, அதாவது எந்தெந்த பேப்பர்லேருந்து விஷயம் எடுத்தாகன்னு கடைசியில போடுற லிஸ்ட்டு வேலை, கைக்குப் பழகிப் போச்சு.

மொத வேலை, எந்த ஜர்னலுக்கு அனுப்புறீங்களோ அதோட ஆத்தர் இன்ஸ்ட்ரக்‌ஷன் பக்கத்த தெறந்து வைங்க. கூடவே அதே ஜர்னல்ல சமீபத்துல வந்த பேப்பர் ஒண்ண பிடிஎஃப்பா எறக்கிக்கோங்க, ஏன்னா இன்ஸ்ட்ரக்‌ஷன் பழசா கெடக்கும், அச்சான பேப்பர்ல பாத்தா இப்ப என்ன பழக்கம்னு தெரிஞ்சிடும்.

பெரும்பாலும் வான்கூவர் ஸ்டைல்தான் கேப்பாக. 1978ல மெடிக்கல் ஜர்னல் எடிட்டருங்க வான்கூவர்ல கூடிப் பேசி உண்டாக்குன முறை, அதான் அந்தப் பேரு. விஷயம் இவ்வளவுதான்: கட்டுரையில எது மொதல்ல வருதோ அது 1, அடுத்தது 2, ஒரு தடவ 5ன்னு நம்பர் குடுத்தா திரும்ப எங்க வந்தாலும் அது 5தான். கடைசி லிஸ்ட்டும் அதே வரிசை, அகர வரிசை கெடையாது. டேபிள்ல மட்டும் வர்ற ரெஃபரன்ஸுக்கு, அந்த டேபிள மொதமொதல்ல எந்த எடத்துல சொல்றீங்களோ அந்த எடத்து வரிசையில நம்பர் வரும், இத நெறைய பேரு கோட்டை விட்டுடுறாக.

இப்ப ஒரு என்ட்ரிய பிரிச்சுப் பாப்போம். டிஎன்ஏ பேப்பரு எல்லாருக்கும் தெரியும். வாட்சன் ஜேடி, க்ரிக் எஃப்எச், இனிஷியலுக்கு நடுவுல புள்ளியும் இல்ல கமாவும் இல்ல. பேரு முடிஞ்சதும் புள்ளி, அப்புறம் தலைப்பு, அதுக்குக் கோட்டேஷன் மார்க் கெடையாது, மொத வார்த்தைக்கும் ஆளு, ஊரு பேருக்கும் மட்டும்தான் கேப்பிட்டல். அப்புறம் ஜர்னல் பேரு, நேச்சர். அதுக்குப் பின்னாடி 1953;171(4356):737-8. வருஷம், செமிகோலன், வால்யூம், பிராக்கெட்டுக்குள்ள இஷ்யூ, கோலன், பக்கம். நடுவுல ஸ்பேஸே கெடையாது. 738ன்னு முழுசா எழுதாம 8ன்னு சுருக்குறது வான்கூவர் வழக்கம். ஏஎம்ஏ (அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன்) ஸ்டைல் கேட்டா 737-738ன்னு முழுசா போடணும், ஜர்னல் பேரையும் இட்டாலிக் பண்ணணும்.

ஆத்தரு ஆறு பேரு வரைக்கும் எல்லார் பேரும், அதுக்கு மேல போனா மொத ஆறு பேரப் போட்டுட்டு எட் ஆல் (மத்தவங்களும்னு அர்த்தம்). ஏஎம்ஏல ஆறத் தாண்டுனா மொத மூணு பேரு மட்டும். சில ஜர்னலு தன் இஷ்டத்துக்கு வேற கணக்கு வச்சிருக்கும், அதுக்குத்தான் அந்தப் பிடிஎஃப்.

ஜர்னல் பேரச் சுருக்குறது நம்ம இஷ்டம் இல்ல. என்எல்எம் (அமெரிக்காவோட நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின்) கேட்டலாக்ல தேடுனா சரியான சுருக்கம் வரும். லான்செட் மாதிரி ஒத்தச் சொல் பேரு சுருங்காது.

பேரு விஷயத்துலதான் நம்மூருக்காரங்களுக்குத் தலைவலி. எங்க பக்கம் மொய் எழுதுறப்ப பேரோட விலாசமும் (குடும்ப இனிஷியல்) ஊரும் சேத்துத்தான் எழுதுவாக, வெறுமன மெய்யப்பன்னு எழுதுனா எந்த மெய்யப்பன்னு யாரு கண்டா? அந்த விலாச எழுத்து ஆர்எம், சிடி, ஏஎல்னு ரெண்டு ரெண்டா வரும், ரெண்டு விலாசம் சேந்தா நாலு எழுத்தாயிடும். வான்கூவர்லயோ ஒரு ஆளுக்கு ரெண்டு எழுத்துக்கு மேல இனிஷியல் கெடையாது. அதே மாதிரி மீனாட்சி சுந்தரம்னு பிரிச்சு எழுதுனா சாஃப்ட்வேரு சுந்தரத்த குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு சுந்தரம் எம்னு ஆக்கிடும். நமக்குத் தெரிஞ்ச ஆளாச்சேன்னு நீங்களா திருத்தாதீங்க, மெடிக்கல் பேப்பர் தேடுற வெப்சைட்டு பப்மெட்ல எப்படி ஏறியிருக்கோ அப்படியே விடுங்க, இல்லன்னா தேடுறவுகளுக்குக் கெடைக்காது.

அடுத்து, கையால டைப் பண்ணாதீங்க. தேவகோட்டை டாக்டர் ஆச்சி ஒருத்தக 42 ரெஃபரன்ஸையும் கையாலயே நம்பர் போட்டுக் கொண்டாந்தாக. ஜர்னலுக்காக பேப்பரப் படிச்சுப் பாக்குற ரிவ்யூவரு முன்னுரையில ஒரு பாரா சேக்கச் சொல்லிட்டாரு. "ஏ தம்பி, நடுவுல ரெண்டுதானே சேக்கணும், டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடாதா"ன்னு கேட்டாக. ரெண்டு சேத்தா கீழ உள்ளது பூராவும் ரெண்டு ரெண்டா நகரணும். நானும் புத்தி கெட்டுப் போயி ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டேன், 12 எல்லாம் 14 ஆச்சு, கூடவே 12 மில்லிகிராம் டோஸும் 14 மில்லிகிராம் ஆயிடுச்சு. நல்ல வேளை ஆச்சி கண்ணுல பட்டுச்சு. அன்னியோட ஜொடேரோங்கற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேருக்கு மாறுனவன்தான்.

ஜொடேரோ ஓசிதான். இன்ஸ்டால் பண்ணுங்க, வேர்டுல அதோட டேப் வந்து ஒக்காந்துக்கும். மேல மந்திரக்கோல் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதுல டிஓஐயோ (பேப்பரோட நிரந்தர இணைய அடையாளம்) பிஎம்ஐடியோ (பப்மெட் நம்பர்) ஒட்டுனா பேப்பரோட விவரம் பூராவும் தானா வந்து விழும். வேர்டுல எந்த எடத்துல வேணுமோ அங்க சைட்டேஷன் (அந்த நம்பர்) சேருங்க, கடைசியில பிப்ளியோகிராஃபி பட்டன அமுக்குனா லிஸ்ட் வந்துடும். நடுவுல எத்தன சேத்தாலும் நம்பரு தானா மாறிக்கும். ஒரு ஜர்னல்ல ரிஜெக்ட் ஆகி இன்னொண்ணுக்கு அனுப்புறப்போ ஸ்டைல மாத்துறது ரெண்டே க்ளிக்.

ஆனா தானா வந்ததக் கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க. வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன் சில சமயம் ஆர்கனைசேஷன் டபிள்யூஎச்னு மனுசப் பேரு கணக்கா வந்து நிக்கும், சிரிப்பா வரும், ஆனா அப்படியே அச்சேறுன பேப்பரும் இருக்கு. ஆத்தர் கட்டத்துக்குப் பக்கத்துல இருக்குற பட்டன அமுக்கி ஒரே கட்டமா மாத்திட்டா சரியாயிடும். தலைப்பு சில சமயம் பூராவும் கேப்பிட்டல்ல வரும், அதையும் ஜொடேரோவுலயே திருத்துங்க. வேர்டுல திருத்துனீங்கன்னா அடுத்த ரெஃப்ரெஷ்ல பழையபடி ஆயிடும்.

ஒண்ணு ரெண்டு ரெஃபரன்ஸ்தான்னா பப்மெட்ல சைட் பட்டன அமுக்கி காப்பி பண்ணா போதும். அதுல மாசம், தேதி, பிஎம்ஐடி எல்லாம் சேந்து வரும், உங்க ஜர்னல் கேக்கலன்னா வெட்டிடுங்க.

இப்ப புதுசா ஒரு வம்பு, ஏஐ கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கிட்டு வர்றாக. ஆத்தரு, வால்யூம், பக்கம்னு பாக்க லட்சணமா இருக்கும், டிஓஐயத் தட்டுனா ஒண்ணு வேற எதோ பேப்பரு தெறக்கும், இல்ல ஒண்ணுமே தெறக்காது. ஒவ்வொரு டிஓஐயயும் க்ளிக் பண்ணிப் பாத்துத்தான் ஆகணும், 40 இருந்தா 40ம். திரும்பப் பெறப்பட்ட பேப்பரான்னும் பாருங்க. எம்எம்ஆர் தடுப்பூசிய ஆட்டிசத்தோட முடிச்சுப் போட்ட 1998 லான்செட் பேப்பர 2010ல வாபஸ் வாங்கிட்டாக, அந்த மாதிரி ஒண்ணு உங்க லைப்ரரியில இருந்தா ஜொடேரோ மேல செவப்புப் பட்டை போட்டுக் காட்டும்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஃபைல ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில மட்டும் ஜொடேரோ டேப்ல இருக்குற அன்லிங்க் சைட்டேஷன்ஸ் அமுக்குங்க. அதுக்கப்புறம் நம்பரெல்லாம் வெறும் எழுத்தாயிடும், தானா நகராது. ஒரிஜினல அழிச்சிடாதீங்க, ரிவிஷன் வர்றப்போ அதுலதான் வேலை பாக்கணும். ஆச்சி அதையும் அழிச்சுப்புட்டு வந்து நின்னாக, அது தனிக் கதை.