முதல் நகைச்சுவைப் புத்தகம்: எத்தனை இலைக்குச் சமைப்பது?

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 22 வருடம் மேனேஜராக இருந்தேன். சாவிக்கொத்து, பாத்திர லிஸ்ட், கரண்ட் மீட்டர் ரீடிங், ஜெனரேட்டர் டீசல், காணாமல் போன செருப்பு, இவைதான் என் இலாகா. அந்த அனுபவத்தை வைத்து 128 பக்கத்தில் ஒரு சிரிப்புப் புத்தகம் எழுதி, நானே அச்சடித்து, நானே விற்றேன். இப்போது வாரத்துக்கு ஒருவராவது, "நானும் ஒண்ணு போடணும் சார், எப்படி?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் சரக்கு. நகைச்சுவையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் வராது. நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் வந்தது ஒரே ஒரு மாமியார் ஜோக். அதுவும் என் மாமியார் ஏற்கெனவே சொன்னது. நாலாம் நாள் சலிப்பில் மண்டபத்துப் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று ஒன்று உண்டு. என் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: "அண்டா மூடி 1 குறைவு. மணமகன் அறை ஏசி ரிமோட்டைச் சம்பந்தி எடுத்துச் சென்றுவிட்டார். போன் செய்ததும் அவர் வீட்டு டிவி ரிமோட்டைக் கொடுத்தனுப்பினார்." இதைவிட நன்றாக நான் எதையும் கற்பனை செய்துவிடப் போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். ரேஷன் கடை, பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூம், ஆட்டோ ஸ்டாண்டு, எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்துப் பொருள்களை அந்த இடத்துப் பெயரிலேயே எழுதுங்கள். "பாத்திரம் தொலைந்தது" என்றால் வாசகர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். "எட்டாம் நம்பர் ஜல்லிக்கரண்டி தொலைந்தது" என்றால் கொஞ்சம் நின்று பார்ப்பார்.

நான் எழுதியது ஒரு ஆடியிலும் ஒரு மார்கழியிலும். முகூர்த்தம் இல்லாத மாதங்கள், மண்டபத்தில் பல்லி மட்டும்தான் பேசும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், 700 முதல் 900 சொல். டெமி என்கிற வழக்கமான கதைப்புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும். தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு கட்டுரைக்கு ஐந்து பக்கம். 31 எழுதி ஏழைத் தூக்கிப் போட்டேன். மிச்சம் 24, அதாவது 120 பக்கம். தலைப்பு, அணிந்துரை போன்ற முன்பக்கச் சடங்குகளுக்கு எட்டு. ஆக 128. அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள், நம்முடையது சரியாக எட்டு ஃபாரம். முதல் புத்தகத்துக்கு அது தாராளம். முந்நூறு பக்கம் சிரிக்க யாருக்கும் தெம்பு கிடையாது.

இனி எழுத்து. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது நகைச்சுவை எழுதுகிறவனுக்குக் கிடைத்த சீதனம். "மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், காபி பிரமாதம் என்றார்கள், டம்ளரோடு கிளம்பிவிட்டார்கள்." இதையே "டம்ளரை எடுத்துப்போன மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து காபி குடித்தார்கள்" என்று ஆரம்பித்தால், டம்ளருக்கு முன்னால் ஜோக் திருட்டுப்போய்விடுகிறது. அப்புறம் 'உம்', 'ஆம்' போன்ற நம் இடைச்சொற்கள். "கணக்குப்பிள்ளை அன்று வேலை பார்த்தார்" என்பது செய்தி. "கணக்குப்பிள்ளை அன்று வேலையும் பார்த்தார்" என்பது நகைச்சுவை. "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் கிடையாது" என்பதோடு ஒரு 'ஆம்' சேர்த்து "கிடையாதாம்" என்று எழுதினால் கல்யாணமே நின்றுவிடும். இப்படி ஓரிரு எழுத்தில் முடிகிற வேலைக்கு ஒரு பத்தி எழுதாதீர்கள். "இதைக் கேட்டு எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்" என்ற வரியைக் கண்ட இடத்தில் அடியுங்கள். ஆச்சரியக்குறி என்பது எழுதுகிறவர் முந்திக்கொண்டு தானே சிரிப்பது. என் முதல் பிரதியில் 412 இருந்தன. புத்தகத்தில் மூன்று. அந்த மூன்றும் வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது? தொல்காப்பியம் நகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன் (பிடித்ததை விடாத மடமை). எள்ளல் என்றால் நாம் பிறரை எள்ளுவது மட்டுமில்லை, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பதும் அதில் சேரும் என்று பழைய உரையில் இருக்கிறது. என் 24 கட்டுரையில் வாசகர்கள் இன்றும் கேட்டுக் கேட்டுச் சிரிப்பது, மணமேடைக்குப் பின்னால் என்னையே நான் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, என் இடுப்பில் இருந்த சாவியை ஊரெல்லாம் தேடச் சொன்னதைத்தான். மற்றவர்களைப் பற்றி எழுதிய எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை.

தூக்கிப் போட்ட ஏழில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பரிமாறும் பையன் ஒருவனுக்குப் பேச்சு திக்கும். அதை வைத்து ஒன்று எழுதினேன். மதியம் சமையல்கட்டில் வாசித்துக் காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் எழுந்து போய், அழுக்கே இல்லாத கையைக் கழுவிக்கொண்டு நின்றான். அன்றைக்கே கிழித்தேன்.

வாசித்துக் காட்டுவது என்பது ஏதோ சம்பிரதாயமில்லை, இதுதான் உண்மையான திருத்தம். பந்தி முடிந்து, ராத்திரிச் சமையல் தொடங்கும் முன், காய் நறுக்கும் நேரத்தில் நான் வாசிப்பேன். நறுக்கும் சத்தம் நின்றால் கேட்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் தொடர்ந்தால் அந்தப் பத்தியில் கோடு. (வெங்காயம் நறுக்கும்போது வாசிக்காதீர்கள். கண்ணீரின் காரணம் தெரியாமல் போகும்.) உறவுக்காரர்களிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்காதீர்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்பார்கள். இதே ஆட்கள் உப்பில்லாத ரசத்தையும் சம்பந்தி முன்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

பெயர் மாற்றுவது தனிக் கலை. எங்கள் தலைமைச் சமையல்காரர் மணி. புத்தகத்தில் அவரைக் குமார் ஆக்கலாம் என்று கம்ப்யூட்டரில் 'எல்லா இடத்திலும் மாற்று' என்று ஒரே தட்டுத் தட்டினேன். அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் மெய்ப்புப் பிரதி வந்தது. "காலை ஒன்பது குமார்க்கு முகூர்த்தம்." "பூஜை அறையில் குமார் அடித்தது." "பெண்ணின் அத்தை மூன்று குமார் நேரம் அழுதாள்." கல்யாணப் பெண்ணின் பெயர் கண்மணி. அவள் கண்குமார் ஆகியிருந்தாள். ஒவ்வொன்றாகக் கையால்தான் மாற்ற வேண்டும். இதை இங்கே சொல்வது மணியின் அனுமதியோடுதான்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சின்ன ஊரில் தொழில், தெரு, வழுக்கை என எதை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள், மானநஷ்டம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஊரை மாற்றுங்கள், வேலையை மாற்றுங்கள், முடிந்தால் ஆளிடமே போய் வாசித்துக் காட்டுங்கள். ஒரே கல்யாணத்தில் மூன்று பந்தியில் சாப்பிட்ட பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். பயந்துகொண்டே வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூணு இல்லப்பா, நாலு. ராத்திரி டிபனை விட்டுட்டே" என்று திருத்தினார்.

கட்டுரைகளை வரிசைப்படுத்துவது இலையில் பரிமாறுவது போலத்தான். இனிப்பு முதலில் வர வேண்டும், பாயசத்தைக் கடைசிக்குப் பிடித்து வைக்க வேண்டும். செருப்புக் கதை இரண்டு இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. அணிந்துரை ஒன்று போதும். பசியோடு உட்கார்ந்தவனுக்கு முன்னால் மூன்று பேர் பேசினால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

தட்டச்சுக்கு வருவோம். நான் பாதியைப் போனிலேயே பேசித் தட்டச்சு செய்தேன். வேகம்தான், ஆனால் போன் 'பந்தி'யைப் 'பன்றி' என்று கேட்டுக்கொண்டது. "முதல் பன்றியில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள்." எதுவானாலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போனிலும் படிக்க வருகிற யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்கம் வடிவமைக்கிறவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வேலை செய்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை. மாற்றியதில் ஸ்ரீ எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கல்யாண மண்டபக் கதையில் ஸ்ரீ இல்லாத பெயர் ஏது? மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் தாளில் அச்செடுத்துப் பாருங்கள், இரண்டாம் முறை வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 30 ரூபாய் ஆயிற்று. அட்டை ஓவியத்துக்கு 2,500. அட்டையில் பல்லைக் காட்டும் முகம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஒரு பூட்டும் சாவியும் வரைந்து தந்தார்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் ஒரு தேசிய முகமை இருக்கிறது. இணையத்தில் எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். என்னிடம், காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் ஒரு நிறுவனம் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்குத் 'திட்டம்' சொன்னது. அதில் இந்த இலவச எண்ணும் ஒரு சலுகையாகப் போட்டிருந்தது. திட்டக்காரர்களிடம் போவதானால் எண் யார் பெயரில் பதிவாகும், அச்சுக்கோப்பு யார் கையில் இருக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். நாமே பதிப்பாளர் என்றால் ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் சென்னை கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். கன்னிமாராவில் என் செருப்புக் கதைகள் இருக்கின்றன என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

எத்தனை பிரதி என்பதுதான் எல்லாரும் தவறு செய்யும் இடம். மணி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஆயிரம் பத்திரிகை கொடுத்தால் அறுநூறு இலை. புத்தகத்துக்கு அதைவிடக் கறாராக இருங்கள். "கண்டிப்பா வாங்குறேன்" என்று சொன்ன நூறு பேரில் எனக்கு வாங்கியவர்கள் 23 பேர். என் நண்பர் ஒருவர் ஆயிரம் பிரதி அடித்தார். அவர் வீட்டுக் கட்டிலுக்கு இப்போது கால் தேவையில்லை. தேவைக்கு அச்சடிக்கும் பி.ஓ.டி. முறையில் நூறு அடியுங்கள். தீர்ந்தால் இன்னொரு நூறு. மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் முறை ஐந்நூறுக்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும். 70 ஜி.எஸ்.எம். (தாளின் எடைக் கணக்கு) இளமஞ்சள் நேச்சுரல் ஷேடு தாள், 300 ஜி.எஸ்.எம். அட்டை, அதன் மேல் பளபளக்காத மேட் லேமினேஷன், எனக்குப் பிரதிக்கு 82 ரூபாய் ஆயிற்று. விலை 160 வைத்தேன். கடைக்காரர் கழிவு 35 சதவீதம், அதாவது 56 ரூபாய். கைக்கு வருவது 104. அச்சுச் செலவு போக 22. அதில் பஸ் டிக்கெட்டும் அடக்கம். அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணை வரும் என்று நம்பி எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் மின்னூலைக் காசு கட்டாமல் நாமே ஏற்றலாம், ஐ.எஸ்.பி.என். கட்டாயமில்லை. ராயல்டி 35 சதவீதம் அல்லது 70. இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது என்ற திட்டத்தில் சேர வேண்டும். அச்சுப் புத்தகத்தை அது கட்டுப்படுத்தாது. என் மின்னூலை அதிகம் படிப்பது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள்.

வெளியீட்டு விழா வைத்தேன். மண்டபம் இலவசம் என்ற திமிர். ஐந்து பேச்சாளர்கள். நாலாவதாகப் பேசியவர் புத்தகத்தில் இருந்த நல்ல ஜோக்குகள் அத்தனையையும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது, கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. அன்று விற்றது ஒன்பது. விழா வைப்பதானால் நீங்களே ஒரு கட்டுரையை முக்கால்வாசி வாசித்து, முடிவைச் சொல்லாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

எனக்கு விற்ற இடம் வேறு. தை மாத முகூர்த்தங்களில், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் பத்துப் பிரதி வைத்தேன். அங்கே எல்லார் கையிலும் பணம் எடுத்தபடி இருக்கும், சில்லறையும் கிடைக்கும். உங்கள் வாசகர் கையில் பர்ஸ் திறந்திருக்கும் இடம் எது என்று யோசியுங்கள். கடை அதற்கப்புறம்தான்.

அப்படி மேசையில் புத்தகத்தைப் பார்த்த ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா, தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகப் போட 200 பிரதி கேட்டார். ஒரு நிபந்தனை: சம்பந்திச் சண்டை கட்டுரையை மட்டும் எடுத்துவிட வேண்டும். பி.ஓ.டி.தானே, எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். கல்யாணத்தன்று சாயங்காலம், சத்திரத்துக் கணக்கு முடிக்க வந்தவர், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கட்டுரை இருக்கிற புத்தகம் ஒண்ணு இருக்கா?"