ஈரத்துணியும் இரண்டு வெப்பமானிகளும்: காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் வழி

நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 1 கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும், அவ்வளவு குளிரும். அந்தக் குளிர்ச்சியை அளந்தால் ஈரப்பதம் தெரிந்துவிடும்.

ஒரே வகை வெப்பமானிகள் இரண்டு வேண்டும். முதலில் இரண்டையும் உலர்ந்த நிலையில் அருகருகே 10 நிமிடம் வையுங்கள். அளவு வேறுபட்டால் குறித்துக்கொண்டு பிறகு கழித்துவிடுங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியை ஒரே சுற்றாக, இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். பாலியஸ்டர் நீரை உறிஞ்சாது. தடித்த துணியில் அளவு நிலைக்க வெகுநேரமாகும். அறை வெப்பநிலையில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் நனையுங்கள். குழாய் நீரின் உப்பு துணியில் படிந்து ஆவியாதலைக் குறைக்கும்.

இரண்டுக்கும் மின்விசிறிக் காற்று நன்றாகப் படட்டும். காற்று அசையாவிட்டால் துணியைச் சுற்றி ஈரக்காற்று தேங்கி, ஈரப்பதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பெரும்பாலான பிழைகளுக்கு இதுவே காரணம். வெயில் படக்கூடாது, உங்கள் மூச்சும்தான்.

ஈர வெப்பமானி இறங்கி நின்றதும் உடனே படியுங்கள். துணி காயத் தொடங்கினால் அளவு மீண்டும் ஏறும்.

உலர் அளவு 30 டிகிரி செல்சியஸ், ஈர அளவு 25 என்றால் ஈரப்பதம் சுமார் 67 சதவீதம். ஈர அளவு 22 என்றால் சுமார் 50. இரண்டும் சமமானால் காற்றில் ஈரம் நிறைந்துவிட்டது, அல்லது துணி காய்ந்துவிட்டது. துணியைத் தொட்டுப் பாருங்கள்.