ரிமூவ் ஃபங்ஷனில் பாதியில் திரும்பாதீர்கள்

லினக்ஸ் கெர்னலில் டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனுக்குள் ஏதாவது பிழை வந்தால், உடனே எரர் கோடைத் திருப்பிவிட்டு வெளியேறத்தான் கை போகும். செய்யாதீர்கள். நீங்கள் என்ன திருப்பினாலும் கெர்னல் டிவைஸைக் கழற்றியே தீரும். பிளாட்ஃபார்ம் டிரைவர்களில் (தானாக அடையாளம் காட்டிக்கொள்ளாத சாதனங்களுக்கானவை) கெர்னல் 6.11 பதிப்பிலிருந்து ரிமூவ் எதையுமே திருப்புவதில்லை, வாய்ட்தான்.

உதாரணமாக, சிப்பை எழுப்பும் அழைப்பு தோற்றுவிட்டது, அங்கேயே ரிட்டர்ன் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். டெவ்எம் (devm, டிவைஸோடு கட்டிவைத்து, அது கழன்றதும் தானாக விடுவிக்கும் கெர்னல் வசதி) மூலம் வாங்கிய மெமரி தானாக விடுவிக்கப்பட்டுவிடும். ஆனால் நீங்கள் ரத்து செய்யாத டைமர் அப்புறம் ஓடி, அந்த மெமரியையே தொடும். கெர்னல் கவிழும்.

சரி, என்ன செய்யலாம்? எச்சரிக்கையை லாகில் எழுதுங்கள். சிப் விழிக்காததால், அதன் ரிஜிஸ்டரில் எழுதும் வரிகளை மட்டும் தாண்டுங்கள். டைமர், ஒர்க்க்யூ (பிறகு செய்ய வரிசையில் வைத்த வேலைகள்), இன்டரப்ட் எல்லாவற்றையும் கட்டாயம் நிறுத்துங்கள்.