பிக்கப்புக்கு ஏர் ஃபில்டர் வாங்குறப்ப இத பாருங்க

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் லோடு அடிக்கிற பிக்கப்புக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைச்சுக்கும், தனுஷ்கோடி ரோட்டுல காத்தடிச்சா மணல் தார் மேலயே ஓடுறத பாத்திருப்பீங்க, அதுல மெலிசா இருக்கறதெல்லாம் இன்ஜினுக்குள்ள போகத்தான் பாக்கும். அதனால சர்வீஸ் புக்குல போட்டிருக்க கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க, முன்னாடியே தொறந்து பாத்துருங்க.

வாங்கப் போறப்ப பழைய ஃபில்டரையும் கையோட கொண்டு போங்க. பார்ட் நம்பர், உயரம் ரெண்டும் ஒத்துப்போகணும், அதவிட முக்கியம் சுத்தி இருக்க ரப்பர் விளிம்பு, விரலால அமுக்குனா மெத்துனு உள்ள போயி திரும்ப எழும்பணும். நான் ஒரு தடவ நூறு ரூபா கம்மியா கிடைக்குதேனு ஒண்ண வாங்கி மாட்டிட்டேன், பத்து நாள் கழிச்சு கழட்டி, சுத்தமா இருக்க வேண்டிய உள்பக்கக் குழாய்ல விரல வச்சா நறநறனு மணல்! ரப்பர் கெட்டியா இருந்ததால ஒரு ஓரம் உக்காரவே இல்ல. டர்போ, அதாவது காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி இருக்க வண்டிக்கு இது ரொம்ப ஆபத்துங்க.

எண்ணெய் தடவுற காட்டன் ஃபில்டர கழுவிக் கழுவிப் போடலாம்தான், ஆனா எண்ணெய் கூடிப்போனா, உள்ள போற காத்த அளக்குற ஏர் ஃப்ளோ சென்சார்ல போய் ஒட்டிக்கும், அதனால நம்ம பக்கத்துக்கு நல்ல பேப்பர் ஃபில்டரே போதும்னு சொல்வேன். அத மட்டும் தண்ணியில கழுவிடாதீங்க.