மந்தல்கோவியில் இரண்டு நாள்: கோபியின் விளிம்புக்குச் செல்வோருக்கு

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து கோபிப் பாலைவனம் பார்க்கக் கிளம்புவோரில் பெரும்பாலோர், தெற்கே சுமார் 260 கிலோமீட்டரில் வரும் மந்தல்கோவியில் பெட்ரோல் நிரப்பி, ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் வண்டியேறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு சதுக்கம், அரசு அலுவலகம், சில அடுக்குமாடிகள், அவற்றைச் சுற்றிப் பலகை வேலி அடைத்த மனைகள், எந்நேரமும் காற்று; முதல் பார்வைக்கு ஊர் இவ்வளவுதான். ஆனால் வடக்கிலிருந்து வரும் புல்வெளி மெல்லத் தேய்ந்து சரளைக்கல் தரையாக மாறும் இடத்தில், துந்த்கோவி மாகாணத்து மேய்ப்பர்கள் தண்ணீருக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வந்துபோகும் ஊர் இது. மேய்ப்பர் வாழ்க்கையை அருகிலிருந்து காண விரும்புகிறவருக்குச் சுற்றுலா முகாமில் கழியும் ஒரு வாரத்தைவிட இங்கே தங்கும் இரண்டு நாள் பயன்படும் என்பது என் கருத்து.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை செல்லலாம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவில் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். மார்ச் முதல் மே வரை தவிர்த்துவிடுவது நல்லது. அது புழுதிப்புயல் வீசும் காலம் என்பதோடு, ஆடுகள் குட்டி போடும் காலமும் ஆகையால், உறக்கமின்றி உழைக்கும் குடும்பங்களுக்கு விருந்தாளி பாரமாகிவிடுவார். ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா. மாகாணங்களிலும் ஏறத்தாழ அதே நாட்களில் மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் நடப்பதால் அறை கிடைப்பது கடினம். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் கடைசி வாரம்: செப்டம்பர் 1 அன்று பள்ளி திறப்பதை முன்னிட்டு, மேய்ப்பர் குடும்பங்கள் பிள்ளைகளைப் பெட்டி படுக்கையுடன் விடுதியில் சேர்க்க ஊருக்குள் வந்து சேரும் நாட்கள் அவை.

உலான்பாத்தரிலிருந்து தார்ச்சாலை உண்டு, பேருந்தும் உண்டு. தலைநகரில் ஒன்றுக்கு மேற்பட்ட பேருந்து நிலையங்கள் இருப்பதால் எதிலிருந்து வண்டி புறப்படுகிறது என்பதை முந்தைய நாளே உறுதிசெய்துகொள்ள வேண்டும். சீட்டு வாங்கக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது அவசியம். பங்கு வண்டியில் போவதானால் கடிகாரத்தை மறந்துவிடுங்கள்; ஆள் நிறைந்தால்தான் வண்டி நகரும். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று வழியில் ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். பலர் அதை அபசகுனமாகக் கருதுகிறார்கள். வீட்டிலிருந்து இறங்குபவரை ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வதைப் போன்றதுதான் இதுவும்.

கிளம்புவதற்கு முன் சிரிலிக் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; ஒரு வாரம் போதும். ஊரில் ஆங்கிலப் பலகைகள் குறைவு. ‘தெல்கூர்’ என்றால் கடை, ‘குவான்ஸ்’ என்றால் சாப்பாட்டுக் கடை, ‘சோசித் பூதல்’ என்றால் தங்கும் விடுதி. ‘ஹலூன் உஸ்’, அதாவது வெந்நீர், என்று எழுதியிருந்தால் அது பொதுக் குளியலறை. வீட்டில் குழாய் இல்லாத ஊர்க்காரர்களும் காசு கொடுத்து அங்கேதான் குளிக்கிறார்கள். மலிவான விடுதியில் தங்குவோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது உதவும்.

சைவ உணவினருக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே சமையல் என்றாலே ஆட்டிறைச்சியும் மாவும்தான்: வதக்கிய நூடுல்ஸான சூய்வன், ஆவியில் வெந்த பூஸ், எண்ணெயில் பொரித்த ஹூஷூர். ‘மஹ்குய்’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் அப்படிக் கேட்டால், சமைத்த தட்டிலிருந்து இறைச்சித் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பதும் நடக்கும். ஆகையால் அவல், பருப்புப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவது புத்திசாலித்தனம். ‘சூதே சாய்’ என்னும் பால் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருக்கும். தேநீர் என்று எண்ணாமல் மெல்லிய சூப் என்று நினைத்துக் குடித்தால் இரண்டாவது கிண்ணத்தில் பிடித்துவிடும்.

காலையில் பலகை வேலி மனைகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். சிறிய அறை போன்ற தண்ணீர் நிலையம் ஒன்றின் முன்னால், நீலப் பிளாஸ்டிக் கேன்களை இரு சக்கரத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் கேன் நிரம்பியதும் மூடியை இறுக்கிவிட்டு, சிந்தாமல், மேடு பள்ளம் பார்த்து வண்டியைத் தள்ளிச் செல்வார்கள். ஒரு வாளி நீரின் மதிப்பை இதைக் கண்ட பிறகு விடுதியில் குழாயைத் திறக்கும்போது உணர்வீர்கள். நடைக்குப் பின் ஊருக்கு வடக்கே உள்ள குன்றில் ஏறினால், ஊர் எங்கே முடிந்து வெட்டவெளி எங்கே தொடங்குகிறது என்பது கோடு கிழித்தாற்போலத் தெரியும். குன்றுகளிலும் கணவாய்களிலும் கல் குவித்து நீலப் பட்டுத்துணி கட்டிய ‘ஓவோ’க்களைக் காணலாம். அவற்றை வலமாக மூன்று முறை சுற்றி ஒரு கல்லைச் சேர்ப்பது மரபு. அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

மேய்ப்பர் வீட்டுக்குச் செல்ல விடுதிக்காரர் மூலமாகவோ ஓட்டுநர் மூலமாகவோ ஏற்பாடு செய்துகொள்ளலாம். வீடு என்பது ஆட்டு ரோமத்தை அடித்துத் திரட்டிய கனத்த கம்பளம் போர்த்திய வட்டக் கூடாரம், பெயர் ‘கெர்’. வண்டியை நூறடி முன்பே நிறுத்தி, ‘நொஹோய் ஹோர்!’ என்று குரல் கொடுக்க வேண்டும். நாயைப் பிடியுங்கள் என்பது அதன் பொருள். நாய் இல்லாத வீட்டிலும் வாழ்த்தைப் போல இதையே சொல்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் நாய் இருக்கும். கதவு தெற்கு நோக்கியே இருக்கும் என்பதால், வழி தவறியவருக்குக் கெர் ஒரு திசைகாட்டியும் ஆகும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்புறமாக உள்ளே போய் அமருங்கள்; வலப்புறம் வீட்டுப் பெண்களின் சமையல் பக்கம், கதவுக்கு நேர் எதிரே உள்ள இடம் மூத்தோருக்கும் தெய்வப் படங்களுக்கும் உரியது. நடுவில் நிற்கும் இரு தூண்களுக்கு இடையே நுழைந்து போவதோ, அடுப்புக்கு நேரே காலை நீட்டுவதோ, அடுப்பில் குப்பையைப் போடுவதோ கூடாது. கொடுப்பதை வலக்கையால் வாங்கி, இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் கையிலிருந்து திருநீறு வாங்கும் பணிவை நினைத்துக்கொண்டால் கை தானாக அப்படிப் போகும்.

துந்த்கோவி குதிரைப்பாலுக்குப் பெயர் பெற்றது. கோடையில், மாட்டுத்தோல் பையில் ஊற்றி மரக்கோலால் ஆயிரக்கணக்கான முறை கடைந்து புளிக்கவைத்த ‘ஐரக்’ ஒரு பெரிய கிண்ணம் நிறைய உங்கள் முன் வரும். இந்தச் செய்முறையை யுனெஸ்கோ 2019-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சற்றே போதை உண்டு. பழக்கமில்லாத வயிறு கலங்குவதும் உண்டு. ஆகவே மறுக்காமல் வாங்கி, உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுங்கள். யாரும் மனம் வருந்தமாட்டார்கள். மாவு, சர்க்கரை, தேயிலை, பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் போன்றவற்றை அன்பளிப்பாகக் கொண்டுபோகலாம். புகைப்படத்துக்கு அனுமதி கேளுங்கள்.

ஒரு நாள் வெளிச்சுற்றுக்கு, வடமேற்கில் உள்ள பாக கஸ்ரின் சுலூ பாறைத்தொகுதியைப் பரிந்துரைப்பேன். சமவெளியின் நடுவே திடீரென எழும் கருங்கற்பாறைகள், அடுக்கி வைத்த அப்பளம்போல் படலம் படலமாக வெடித்திருக்கும். மேற்கே சைஹன் ஓவோவில் ஓங்கி ஆற்றங்கரையில் 1939-இல் இடிக்கப்பட்ட பெரிய மடாலயத்தின் மண்சுவர்கள் நிற்கின்றன. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் ஒரு தடம் நான்காகப் பிரிந்து, எது எங்கே போகிறது என்று சொல்ல ஆளின்றிக் கிடக்கும். வாடகைக்கு வண்டி எடுத்துத் தனியாக ஓட்டிப்போகாமல் உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிநீரும், பேட்டரி நிறைந்த கைபேசியில் இணையமின்றி இயங்கும் வரைபடமும் வண்டியில் இருக்கட்டும். சிறு ஊர்களில் அட்டை வேலை செய்யாமல் போகலாம் என்பதால், வேண்டிய துக்ரிக் நோட்டுகளை மந்தல்கோவி வங்கியிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள், ஊருக்கு வந்து இறங்கிய அன்றே திரும்பும் பேருந்துக்கும் சீட்டு வாங்கிவிட வேண்டும். தலைநகரில் படிக்கும் மாணவர்கள் அந்த வாரம் முழுவதும் வண்டியை நிரப்பிவிடுவார்கள்.